வார்டில் இரண்டு பேர் கேட்ட ஒரே கேள்வி

புதிதாக வைத்தியத்துக்கு வருகிற உங்களில் சிலருக்கு இதயத்தில் ஆசை, சிலருக்கு மூளையில் ஆசை. வயிற்றில் ஒருவருக்கும் ஆசை இல்லை. அதிலும் மலச்சிக்கல் என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால் போதும், இரண்டு மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறீர்கள். கோபிக்க வேண்டாம், கண்டதைத்தான் சொல்கிறேன்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். வேலை பார்த்தது முழுவதும் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில். யுத்த காலத்தில் அந்த ஒழுங்கை நெடுக லொட்ஜுகள். வடக்கிலிருந்து வவுனியா தாண்டி வந்த இளம் பிள்ளைகள், வெளிநாடு போவதற்கு ஏஜென்சிக்காரன் எப்போது கூப்பிடுவான் என்று மாதக்கணக்கில் அங்கே காத்துக் கிடந்தார்கள். என் டிஸ்பென்சறிக்கு வந்த அந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஒரே முறைப்பாடுதான். நாலைந்து நாளாக வெளிக்குப் போகவில்லை, வயிறு ஊதுகிறது, நெஞ்சு எரிகிறது, சாப்பாட்டைக் கண்டால் குமட்டுகிறது.

என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால் பாண், பருப்பு, கொத்துரொட்டி, பிளேன்ரீ என்று பதில் வரும். கீரை சாப்பிடு, தண்ணீர் குடி என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியது, எங்கே போகிறாய் என்பதுதான். அந்த லொட்ஜுகளில் மாடி முழுவதற்கும் ஒரு மலசலகூடம். கதவுக்கு வெளியே வாளியோடு ஆட்கள் நிற்பார்கள், உள்ளே இருப்பவன் முக்கினால் வெளியே கேட்கும். விடியப் புறமாகப் போகலாம் என்றால் பொலிஸ் சோதனைக்கு வருகிற நேரமும் அதுதான். சோதனை நேரம் கக்கூஸுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தவனை ஒளிந்திருந்தான் என்று கொண்டுபோன கதை எல்லோருக்கும் தெரியும். ஆகவே பிள்ளைகள் அடக்கினார்கள். போகாமல் சமாளிப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையும் குறைத்தார்கள். குடல் கூப்பிடும்போது போகாமலே விட்டால், சில மாதத்தில் அது கூப்பிடுவதை நிறுத்திவிடும். பிறகு எத்தனை மாத்திரை போட்டும் பிரயோசனம் இல்லை.

நான் செய்தது பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை. டிஸ்பென்சறியின் பின்பக்கத்து மலசலகூடத்தை அவர்களுக்குத் திறந்து விட்டேன். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, தினமும் ஒரே நேரம், காலுக்குக் கீழே ஒரு சின்னப் பலகை வைத்து, அவசரப்படாமல் இருந்துவிட்டு வா என்பதுதான் மருந்து. மருந்து கலக்கித் தருகிற பெண் முணுமுணுத்தாள். பேப்பரும் கையுமாக ஆட்கள் வந்து போவதைப் பார்த்து, இது டிஸ்பென்சறியா ரெயில்வே ஸ்டேஷனா என்று கேட்டாள். ஆனால் பிள்ளைகள் தேறினார்கள். அப்படித் தேறியவர்களில் ஒருவன்தான் சுதன். அது அவனுடைய சொந்தப் பெயர் இல்லை.

சுதனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பொல்லாத கூச்சம். தன் வருத்தத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிடுவான். கொஞ்ச நாள் ஒழுங்காக வந்து போனவன், வேறு லொட்ஜுக்கு மாறியதும் காணாமல் போனான். பிறகு ஒரு நாள் மத்தியானம், நான் சாப்பிடப் புறப்பட்ட நேரம், கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். அடுத்த நாள் பின்னேரம் தனக்குப் பிளைட் என்றான்.

“வயிறு ஒருக்காப் போச்சுதெண்டாச் சரியாயிடும் டொக்டர். நல்ல கடும் பேதி மருந்தாத் தாங்கோ.”

முதல் நாள் தொப்புளைச் சுற்றி நொந்ததாம். இப்போது வலது பக்கத்தில் கீழே நோகிறதாம். லொட்ஜில் ஒரு கூட்டாளி காலையில் ஆமணக்கெண்ணெய் கொடுத்திருக்கிறான். ஊரில் லீவு நாட்களில் பிள்ளைகளுக்குப் பேதி கொடுத்து வயிறு கழுவுவது வழக்கம். வயிற்றில் என்ன வந்தாலும் இவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். நல்ல காலம், குடித்ததை அப்படியே சத்தி எடுத்துவிட்டான்.

கட்டிலில் படுக்கச் சொன்னேன். வலது காலை மடக்கிக்கொண்டுதான் படுத்தான். உடம்பு காய்ச்சலில் கொதித்தது, கை வைத்ததும் வயிறு பலகை மாதிரி இறுகியது. அப்பெண்டிக்ஸ். வெடிக்கப் போகிறதோ வெடித்துவிட்டதோ தெரியவில்லை. இங்கே கொஞ்சம் நின்று கேளுங்கள். மலச்சிக்கல்காரன் என்று ஒருவனுக்கு நாம் பெயர் வைத்துவிட்டால், அவன் எந்த வலியோடு வந்தாலும் அந்தப் பெயர்தான் நமக்கு முன்னுக்கு நிற்கும். அவன் கேட்டபடி நான் பேதி மருந்து கொடுத்திருந்தால் பிளைட்டும் போயிருக்கும், பிள்ளையும் போயிருப்பான். காய்ச்சலும் சத்தியுமாக, வலி ஓர் இடத்தில் வந்து குந்தியிருந்தால், அவன் எவ்வளவு கெஞ்சினாலும் பேதி மருந்து கொடுக்காதீர்கள்.

இன்றைக்கே வெட்ட வேண்டும், பொரளைப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அவன் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தான். புதிய லொட்ஜ்காரர் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்து, அவனைப் பொலிஸில் பதியவே இல்லை. வடக்கிலிருந்து வந்து தங்குகிறவர்கள் பொலிஸில் பதிய வேண்டிய காலம் அது. பதிவு இல்லாத தமிழ்ப் பொடியன் வீதியில் அகப்பட்டால் எங்கே கொண்டுபோவார்கள், எப்போது விடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. போதாததற்கு அன்று காலை நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. சந்திக்குச் சந்தி மறித்துக்கொண்டு நின்றார்கள். அம்புலன்ஸுக்கு டெலிபோன் அடித்தால் இப்போதைக்கு வராது என்றார்கள். பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அடித்தேன். நோயாளிக்கு என்ன செய்கிறது என்று கேட்பதற்கு முன்னால் பதிவு இருக்கிறதா என்று கேட்டார்கள்.

“நான் லொட்ஜுக்கே போறன் டொக்டர்,” என்றான்.

“போ. நாளைக்குப் பிளைட் வரும், நீ இருக்க மாட்டாய்,” என்றேன். வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போது எனக்குப் பயம், பயம் வந்தால் எனக்கு வாய் நீளும்.

அழுதான். பிறகு சரி என்றான்.

ஒழுங்கை முகப்பில் ஓட்டோ வைத்திருக்கிற முஸ்லிம் நானா ஒருவர் எனக்குப் பழக்கம். இன்றைக்கு வேணாம் டொக்டர் என்று முதலில் சொன்னவர், பையனைப் பார்த்ததும் ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்தார். சுதன் வாசலில் இறங்கி நடந்தான். அகலமான சேட், குனிந்த உடம்பு, இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திப் பிடித்திருந்தான். நான் பின்னால் நின்று பார்த்தேன். குண்டு வெடித்த நாளில், இந்தக் கோலத்தில், ஒரு தமிழ்ப் பொடியன் ஆமிக்காரனுக்கு முன்னால் போய் இறங்கினால் என்ன நடக்கும்? அவன் வயிற்றில் எதைக் கட்டியிருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். நினைத்து முடிக்க முன்னம் சுட்டுவிடுவார்கள்.

சேட்டைக் கழற்று என்றேன். அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். வயிறு வெடிக்கிற நேரத்திலும் காலி வீதியில் வெறும் மேலோடு போவதற்கு அவனுக்கு வெட்கம். நானே பட்டன்களைக் கழற்றினேன். உடுத்திருந்த சாரத்தை இடுப்பில் ஒரு மடிப்பும் இல்லாமல் தாழ்த்திக் கட்ட வைத்தேன். ஓட்டோவில் முன் கம்பியை இரண்டு கையாலும் பிடி, எவ்வளவு நொந்தாலும் வயிற்றுக்குக் கை கொண்டுபோகாதே என்று சொன்னேன்.

பாமன்கடை தாண்டி மறித்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு வானை முழுக்க இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் நிற்க நிற்க சுதனுடைய கை கம்பியிலிருந்து வழுக்கியது. ஒரு கை வயிற்றுப் பக்கம் போனது. நான் அதைப் பிடித்து மறுபடி கம்பியில் வைத்து, என் கையை அதற்கு மேலே வைத்து அழுத்தினேன். ஆமிக்காரன் துவக்கை நீட்டிக்கொண்டு வந்தான். அவன் கேட்பதற்கு முன்னமே நான் சிங்களத்தில் தொடங்கிவிட்டேன். நான் டொக்டர், இவனுக்கு உடனே ஒப்பரேஷன், வயிற்றைப் பார், ஒன்றும் இல்லை. அவன் குனிந்து பார்த்தான். சுதனை விட அவனுக்கு வயது குறைவாக இருக்கலாம். விரல் நுனியால் வயிற்றைத் தொட்டான். சுதன் கத்தியதும் அவன் பின்னுக்குப் போய்விட்டான்.

பிறகு பொலிஸ் அதிகாரி வந்து அடையாள அட்டையைப் பார்த்தார். வடக்கு விலாசம். பதிவு எங்கே என்றார்.

லொட்ஜில் மறந்துவிட்டு வந்தோம் என்று சொல்லலாம். விட்டாலும் விடுவார். இல்லையென்றால் லொட்ஜுக்கு ஆள் அனுப்பி விசாரித்து, பொய் என்று தெரிந்து, அங்கேயே இறக்கி வைப்பார். சுதனுக்கு அந்த நேரம் இல்லை. உண்மையைச் சொன்னேன்.

“பதியவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்து விசாரியுங்கள். இவனால் ஓட முடியாது, நான் ஓட மாட்டேன்.”

அவர் ஒரு பொலிஸ்காரரைக் கூப்பிட்டு ஓட்டோவில் நானாவுக்குப் பக்கத்தில் ஏற்றினார். அந்தப் பொலிஸ்காரர் இருந்ததால் வழியில் வேறு யாரும் எங்களை மறிக்கவில்லை. ஆனால் அவர் ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பிப் போகவும் இல்லை.

அப்பெண்டிக்ஸ் வெடித்திருந்தது. அன்று பின்னேரமே வெட்டிக் கழுவினார்கள். சத்திரசிகிச்சை நிபுணர் சிங்களவர், அவரைக் கண்டால் வார்ட் முழுக்க நடுங்கும். இரவு தாண்டினால் பிழைப்பான் என்றார், பிழைத்தான். பிளைட் போனது. ஏஜென்சிக்காரனும் போனான்.

வயிற்றுக்குள் சீழ் பரவினால் குடல் சில நாள் வேலைநிறுத்தம் செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். காற்றுப் போக வேண்டும், வெளிக்குப் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் சாப்பாடு. ஆகவே தினமும் காலையில், தமிழ் அவ்வளவு தெரியாத வார்ட் டொக்டர் பிள்ளை வந்து, போனதா என்று கேட்கும். அந்தப் பிள்ளை அடுத்த கட்டிலுக்குப் போனதும், கதவடியில் வாங்குப் பலகையில் குந்தியிருக்கிற பொலிஸ்காரர் எழும்பி வந்து அதே கேள்வியைக் கேட்பார். ஸ்டேஷனிலிருந்து அவருக்குத் தினமும் டெலிபோன் கோல் வரும். வயிறு போனதும் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள், துண்டு வெட்டியதும் அவனைக் கொண்டுவா என்பது உத்தரவு. சுதன் இருவருக்கும் ஒரே பதில் சொன்னான். இல்லை.

நாட்கள் போயின. வயிற்றில் இரைச்சல் கேட்டது, ஆனால் கீழே ஒன்றும் போகவில்லை என்றான். தொட்டால் வயிற்றை இறுக்கிக்கொண்டு முனகினான். இரைச்சலும் இருந்து, ஒன்றும் போகவும் இல்லையென்றால் என்ன அர்த்தம்? குடல் எங்கோ ஒட்டி முறுகி அடைபட்டுவிட்டது. நிபுணரும் அப்படித்தான் நினைத்தார். நாளைக் காலையில் மறுபடி திறந்து பார்ப்போம் என்று முடிவெடுத்தார். ஏற்கெனவே அரை உயிராகக் கிடக்கிற உடம்பு. இரண்டாம் தரம் தாங்குமா என்று அவருக்கே நிச்சயம் இல்லை.

அன்று பின்னேரம் நான் பார்க்கப் போனேன். பார்வை நேரம். பக்கத்துக் கட்டில்காரருக்கு வீட்டிலிருந்து சோற்றுப் பார்சல் வந்திருந்தது. சுதன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். குடல் அடைபட்டவன் சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புவான். இவனுடைய கண் அந்தப் பார்சலை விட்டு அசையவில்லை. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சும்மா வைப்பது போல வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, அவன் அம்மாவைப் பற்றிக் கேட்டேன். கதை ஓட ஓட வயிறு இளகியது. முறுகின குடல் அம்மாவைப் பற்றிக் கதைத்தால் இளகாது.

“சுதன், போனதா இல்லையா?”

அவன் கதவடியைப் பார்த்தான். பொலிஸ்காரர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார்.

“முந்தநாளே போனது டொக்டர்.”

“பிறகேன் சொல்லயில்ல?”

“சொன்னாத் துண்டு வெட்டுவினம். வெட்டினா அந்தாள் கொண்டுபோகும்.”

நாளைக்கு வயிற்றை மறுபடி வெட்டப் போகிறார்கள், அது தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றான். வார்ட் டொக்டர் பிள்ளை சைகையில் காட்டியதாம்.

“வெட்டட்டும் டொக்டர். இங்கை எண்டா மயக்கிப்போட்டுத்தானே வெட்டுவினம்.”

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினான். நான் வாக்குக் கொடுக்கவில்லை.

நோயாளி பொய் சொல்கிறான் என்று கோபப்பட உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அவன் இல்லை என்று சொல்லும்போது, ஓம் என்று சொல்லியிருந்தால் அவனுக்கு என்ன நடந்திருக்கும் என்று ஒரு தரம் யோசித்துவிட்டுக் கோபப்படுங்கள். அவனை வாங்கில் இருந்த அந்தப் பொலிஸ்காரரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது நான் சொன்ன உண்மை. இப்போது இன்னொரு உண்மையையும் நானே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாவிட்டால் கத்தி, சொன்னால் பொலிஸ். கத்தியால் அவன் செத்தால் திரும்ப எடுக்க முடியாது. பொலிஸிலிருந்து எப்படியாவது எடுக்கலாம். இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு நிபுணரின் அறைக் கதவைத் தட்டினேன்.

முழுவதையும் சொன்னேன், ஊரில் தகப்பனுக்கு அறிவித்திருக்கிறோம் என்பதையும் சொன்னேன். அவர் முகம் சிவந்துபோனது. சுகமான குடலைத் திறக்க வைக்கப் பார்த்தானா, என்னை என்ன மடையன் என்று நினைத்தானா என்று சத்தம் போட்டார். நான் நின்றுகொண்டே, மயக்கிப்போட்டுத்தானே வெட்டுவார்கள் என்று அவன் சொன்னதைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியே நின்று, தகப்பன் வருவதற்கு எவ்வளவு நாள் எடுக்கும் என்று கேட்டார். கொழும்புக்கு வர வவுனியாவில் பாஸ் எடுக்க வேண்டும், ஒரு கிழமைக்கு மேல் செல்லும் என்றேன். சரி, நீங்கள் போகலாம் என்றார். என்ன செய்யப் போகிறார் என்று சொல்லவில்லை.

அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. காலையில் டிஸ்பென்சறியைத் திறக்காமல் நேரே வார்டுக்குப் போனேன். நிபுணர் வந்தார். சுதனின் கட்டிலடியில் நின்று, ஸ்டெதஸ்கோப் குழாயை வயிற்றில் வைத்து நெடுநேரம் கேட்டார். பொலிஸ்காரரும் கிட்ட வந்து நின்றார். சுதன் என்னைப் பார்த்த பார்வையில், சொல்லிவிட்டீர்களா என்ற கேள்வி இருந்தது. நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

நிபுணர் குழாயைக் காதிலிருந்து எடுத்தார். பொலிஸ்காரரைப் பார்த்துத்தான் சொன்னார்.

“குடல் இன்னும் வேலை செய்யவில்லை. வெட்டப் போவதில்லை, பொறுத்துப் பார்ப்போம். நான் சொல்லும் வரைக்கும் இவனைக் கட்டிலை விட்டு அசைக்கக் கூடாது.”

வார்ட் டொக்டர் பிள்ளை ஏதோ சொல்ல வாய் திறந்து, அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டது. அன்று மத்தியானம் சிஸ்டர் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, காயத்துக்கு மருந்து கட்டுகிறேன் என்று சொல்லி, ஒரு கோப்பை கஞ்சி கொண்டுபோனார். அதற்குப் பிறகு காயத்துக்கு மூன்று வேளையும் மருந்து கட்டினார்கள். பொலிஸ்காரர் தினமும் ஸ்டேஷனுக்கு, இன்னும் போகவில்லை என்று கோல் எடுத்துச் சொன்னார். அவர் அதை நம்பினாரா என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம். சுதனின் கன்னம் சதை போட்டு வந்ததைக் குருடனும் கண்டிருப்பான்.

அந்த நாட்களில் நான் லொட்ஜ்காரரைப் போய்ப் பிடித்தேன். என் வாய் நீளம் அவருக்கு அன்று முழுக்கத் தெரிந்தது. பதியாமல் விட்டது தன் பிழை என்று ஸ்டேஷனில் வந்து சொல்வதற்குச் சம்மதித்தார். ஒரு வழக்கறிஞரையும் பிடித்தோம். தகப்பன் வந்து சேர்ந்தபோது மெலிந்து கறுத்த மனிதராக இருந்தார். மகனைப் பார்த்தவுடன் போர்வையை இழுத்து அவன் காலை மூடிவிட்டார்.

அடுத்த நாள் நிபுணர் குழாயை வைத்தார். இன்றைக்குக் கேட்கிறது என்றார். பிறகு சுதனிடம் நேராக, வார்ட் முழுவதற்கும் கேட்கிற மாதிரி, வெளிக்குப் போனதா என்று கேட்டார். மொழிபெயர்க்க நான் வாயெடுப்பதற்குள் அவனுக்கு விளங்கிவிட்டது. சுதன் தகப்பனைப் பார்த்தான், கதவடியில் எழும்பி நின்ற பொலிஸ்காரரைப் பார்த்தான்.

“ஓம் சேர். போனது,” என்றான்.

துண்டு வெட்டினார்கள். தகப்பன் ஒரு பக்கம், வழக்கறிஞர் ஒரு பக்கம், பொலிஸ்காரர் பின்னால். சுதன் மெதுவாக, ஆனால் நிமிர்ந்து நடந்து போனான். என்னை ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். நான் வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்து டிஸ்பென்சறியைத் திறந்தேன். வாங்கு நிறைய ஆட்கள். ஒரு பிள்ளை வயிற்று ஊதலைச் சொன்னது, இன்னொருவன் நெஞ்செரிவைச் சொன்னான், எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. ஒரே தரத்தில் எழுதுகிற மருந்தை இரண்டு தரம் வெட்டி எழுதினேன்.

பொழுது படுகிற நேரம் டெலிபோன் அடித்தது. தகப்பன்தான்.

“பிள்ளையை விட்டிட்டாங்கள் டொக்டர். என்னோடைதான் நிக்கிறான்.”

மிச்சம் இருந்தவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, நோயாளிகள் படுக்கிற கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.